நாய்க்குட்டியைக் கூட்டுக்குப் பழக்குவது எப்படி?

எங்கள் ஊர்களில் நாய்க்குட்டியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோகும் வழிகள் பெரும்பாலும் மூன்றுதான். உரப்பையில் தலையை மட்டும் வெளியே விட்டுக் கட்டுவது, காட்போட் பெட்டிக்குள் வைத்து மூடுவது, மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவர் இறுக்கிப் பிடித்துக்கொள்வது. மூன்றிலும் குட்டி பயந்து நடுங்கும். துள்ளி வீதியில் விழுவதும் உண்டு. ஒருமுறை பட்ட பாட்டால் அடுத்த தடுப்பூசியை வீட்டுக்காரர் தள்ளிப்போடுவது அதைவிட ஆபத்து. பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, குறைந்தது 16 வார வயது வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடப்படுகிறது. நீர்வெறுப்பு நோய்க்கான ஊசி வேறு. ஆகவே முதல் சில மாதங்களிலேயே பல பயணங்கள் உண்டு.

நான் வளர்த்த குட்டிகளைச் சிறு வயதிலேயே கூட்டுக்குப் பழக்கியிருக்கிறேன். "கூட்டில் அடைப்பது பாவம் இல்லையா?" என்று அயலவர்கள் கேட்பார்கள். பழக்காமல் பிடித்து அடைத்தால் பாவம்தான். பழகிய குட்டிக்கோ அது கட்டிலுக்குக் கீழே போய்ச் சுருண்டு படுப்பது போன்ற ஒரு மறைவிடம்.

எப்படிப்பட்ட கூடு?

குட்டி தலை இடிபடாமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். அளவுக்கு மிஞ்சிப் பெரிதானால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் சிறுநீர் கழிக்கும். பெரிதாக வளரும் இனம் என்றால் பெரிய கம்பிக்கூட்டை வாங்கி, நடுவில் தடுப்பு வைக்கலாம். பயணத்துக்குப் பக்கங்களில் காற்றுத் துளைகள் உள்ள கெட்டியான பிளாஸ்ரிக் கூடு நல்லது. மேல்மூடியும் திறக்கும் கூடாக இருந்தால், வைத்தியரிடம் குட்டியை இழுத்து எடுக்க வேண்டி வராது. உள்ளே பழைய சாரம் ஒன்றை மடித்து விரியுங்கள். வீட்டாரின் மணம் அதில் இருப்பது குட்டிக்கு ஆறுதல். கம்பிக்கூட்டில் விடும்போது கழுத்துப்பட்டியைக் கழற்றிவிடுங்கள். அது கம்பியில் மாட்டினால் கழுத்தை நெரிக்கும்.

படிப்படியாகப் பழக்குதல்

முதல் இரண்டு மூன்று நாட்கள் கதவைத் திறந்தபடி கட்டிவிட்டு, வீட்டார் இருக்கும் இடத்தில் கூட்டை வையுங்கள். அவித்த கோழி இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி வாசலிலும், பிறகு உள்ளேயும் போடுங்கள். குட்டி தானாக நுழைய வேண்டும். பின்னால் இருந்து தள்ளக் கூடாது.

தயங்காமல் போய்வரத் தொடங்கியதும் சாப்பாட்டை உள்ளே வையுங்கள். சாப்பிடும்போது கதவைச் சாத்தி, முடிக்குமுன் திறந்துவிடுங்கள். பிறகு சாத்தும் நேரத்தை அரை நிமிடம், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று கூட்டுங்கள். முதலில் பக்கத்தில் இருங்கள். பின்பு அறையை விட்டுச் சிறிது நேரம் போய் வாருங்கள். விளையாடிக் களைத்து, சிறுநீரும் கழித்த பின் தூக்கம் வரும் நேரமே இதற்கு ஏற்றது. சில குட்டிகளுக்கு ஒரு கிழமை போதும். சிலவற்றுக்கு ஒரு மாதமும் ஆகும்.

இரவில் கூட்டை உங்கள் படுக்கைக்கு அருகே வையுங்கள். தாயையும் கூடப் பிறந்தவற்றையும் விட்டு வந்த குட்டியைத் தனியே விறாந்தையில் விட்டால் அழத்தான் செய்யும்.

அழுதால் என்ன செய்வது?

லேசாக முனகினால் சிறிது பொறுத்து, அமைதியாகும் கணத்தில் திறவுங்கள். நன்றாகத் தூங்கிய குட்டி திடீரென எழுந்து அழுதால் சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். வெளியே கொண்டுபோய், விளையாட்டுக் காட்டாமல் திரும்பக் கொண்டுவாருங்கள். வாயில் எச்சில் ஒழுகுவது, கம்பியைக் கடிப்பது, இடைவிடாமல் இரைப்பது எல்லாம் கடும் பயத்தின் அடையாளங்கள். 'அழுது பழகட்டும்' என்று விடக் கூடாது. உடனே திறந்து, முந்தைய படியிலிருந்து தொடங்க வேண்டும். அப்படியும் மாறாவிட்டால் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

பகலில் எவ்வளவு நேரம் அடைக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டினால், சிறுநீரை அடக்கக்கூடிய உச்ச மணித்தியாலம் கிடைக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம். நான் அதற்கும் குறைவாகவே விடுவேன். குட்டியைத் தண்டிக்கக் கூட்டைப் பயன்படுத்தவே கூடாது.

வெயிலும் பயணமும்

நாய் உடற்சூட்டைப் பெரும்பாலும் இரைத்துத்தான் தணிக்கிறது. தகரக் கூரைக்குக் கீழோ, வெயில் படும் இடத்திலோ, நிறுத்திய வாகனத்துக்குள்ளோ கூட்டை வைத்தால் சிறிது நேரத்திலேயே உயிராபத்து.

பயணத்துக்கு முன், ஓடாத முச்சக்கரவண்டியில் கூட்டோடு சிறிது நேரம் இருந்து பழக்குங்கள். அடுத்தது ஒழுங்கை முனை வரை ஒரு சிறு ஓட்டம். குட்டிகளுக்கு ஓடும் வாகனத்தில் வாந்தி வருவது சாதாரணம் என்பதால், புறப்படுமுன் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் சாப்பாடு கொடுக்காதீர்கள், தண்ணீர் கொடுக்கலாம். ஊசிகள் முடியும்வரை சிகிச்சை நிலையத்தில் கூட்டை நிலத்தில் வைக்காமல் மடியில் வைத்திருங்கள். பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும்.

வெள்ளம் வந்தால்

2008 நவம்பரில் நிஷா சூறாவளி யாழ்ப்பாணத்திலும், 2018 டிசெம்பரில் பெருமழை கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளத்தைக் கொண்டுவந்தன. அப்படிப்பட்ட இரவில் சங்கிலியில் கட்டிய நாய் தப்ப முடியாது. பூட்டிய கூட்டில் விட்டுப்போன நாயும் அப்படித்தான். கூட்டுக்குப் பழகிய நாயை ஒரு நிமிடத்தில் உள்ளே ஏற்றிக் கையோடு கொண்டுபோகலாம். இடம்பெயர்ந்து தங்கும் பாடசாலையிலும் மற்றவர்களுக்குத் தொல்லையின்றி ஒரு மூலையில் வைத்திருக்கலாம். தடுப்பூசி அட்டையைப் பொலித்தீன் உறையில் இட்டுக் கூட்டின் மேலே ஒட்டிவையுங்கள். கொண்டுபோக வழியே இல்லாவிட்டால் சங்கிலியையாவது அவிழ்த்துவிடுங்கள்.

குட்டி வளர்ந்த பிறகும் அதன் உடலுக்கு ஏற்ற கூடு ஒன்று, கதவு திறந்தபடி, வீட்டின் ஒரு மூலையில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்குமுன் வாரத்தில் இரண்டு நாளாவது அதற்குள் சாப்பாடு வைத்து வாருங்கள்.