பரிசல் துறை

தை மாதத்துப் பிற்பகல் ஒன்றில், வெயிலின் கடுமை சற்றே தணிந்து, ஒகேனக்கல்லின் பாறை நிழல்கள் நீரின்மேல் நீண்டு விழத் தொடங்கிய வேளையில், பரிசல் ஒன்றில் கால்களை மடக்கி அமர்ந்து, எங்கும் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம் இல்லாமல் இரண்டு நாழிகைப் பொழுது காவிரியில் மிதந்து வந்தேன். இருபுறமும் செங்குத்தான கற்சுவர்கள். தூரத்தில் அருவியின் இரைச்சல். பரிசல்காரர் அதிகம் பேசவில்லை. நான் விளிம்பின் பக்கம் சாய்வதைக் கண்டபோது மட்டும், "நேரா உக்காருங்க சாமி, நீங்க சாஞ்சா அதுவும் சாயும்" என்றார்.

இன்று நாம் உல்லாசத்துக்காக ஏறும் இந்த வட்ட ஓடந்தான், பாலங்கள் வருவதற்கு முன்பு, தக்காணத்து நதிகளின் இரு கரைகளையும் இணைத்து வைத்திருந்தது. சந்தைக்குப் போகும் தானிய மூட்டையும், புக்ககம் போகும் பெண்ணும், அக்கரைத் திருவிழாவுக்குப் புறப்பட்ட ஜனங்களும் இதில் ஏறியே ஆற்றைக் கடந்தார்கள். காவிரிக் கரை ஊர்கள் பலவற்றில் பரிசல் துறை என்ற பெயர் இன்னும் வழங்குகிறது.

இதன் அமைப்பை ஊன்றிக் கவனித்தால், மலைநாட்டு ஆற்றின் சுபாவத்தை நன்கு அறிந்தவர்களின் கைவேலை இது என்பது விளங்கும். மூங்கிலைப் பிளந்து பட்டைகளாக்கி, அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, நுனிகளை மேல்நோக்கி வளைத்து விளிம்பில் இறுகக் கட்டினால், சாதாரணமாக ஆறு ஏழு அடி குறுக்களவுள்ள ஒரு பெருங்கூடை உருவாகிறது. அதன் புறத்தே முற்காலத்தில் மாட்டுத் தோலையோ எருமைத் தோலையோ தைத்துப் போர்த்தினார்கள். ஈரம் தோலை அழுகச் செய்யும் ஆகையால், வேலை முடிந்ததும் பரிசலைக் கரையில் கவிழ்த்துக் காயவைப்பது வழக்கம். இப்போது தோலின் இடத்தைப் பிளாஸ்டிக் சாக்கும் தாரும் பிடித்துக்கொண்டன. ஆணி அடித்த மரப்படகு பாறையில் மோதினால் பிளந்துபோகும். மூங்கில் கூடையோ வளைந்து கொடுத்து நிமிர்ந்துகொள்ளும். அடி தட்டையாக இருப்பதால் ஆழமற்ற நீரிலும் தரை தட்டாது. முன்னும் பின்னும் அற்ற வட்டமாதலால் சுழன்றுகொண்டே போகும் இயல்புடைய அதைச் சுழலவிடாமல் செலுத்துவதற்கு, துடுப்பை முன்புறத்தில் இட்டு நீரைத் தன் பக்கமாக இழுக்கும் சாமர்த்தியம் வேண்டும். அது பார்ப்பதற்கு எளிது, கற்பதற்கு எளிதன்று.

சுமார் 1520ஆம் ஆண்டில் விஜயநகரத்துக்கு வந்த டோமிங்கோ பயஸ் என்ற போர்த்துகீசியர், துங்கபத்திரையில் இவ்வகை ஓடங்களைக் கண்டு, உள்ளே பிரம்பும் வெளியே தோலுமாகக் கூடைபோல் இருந்த அவற்றில் பதினைந்து இருபது பேர் ஏறிப் போனதையும், அவை சுற்றிச் சுற்றியே சென்றதையும், அவசியம் நேர்ந்தால் குதிரைகளும் மாடுகளும்கூட அவற்றில் கடந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் வெல்லிங்டன் பிரபு என்று பிரசித்தி பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1803இல் மராட்டிய யுத்தத்தின்போது, மழைக்காலத்தில் பெருகிய நதிகளைத் தம் சைனியம் கடப்பதற்கு இதே கூடை ஓடங்களைத் தயார் செய்வித்தார். பேரரசுகளின் படைகளும் பீரங்கிகளும் மூங்கிலையும் தோலையும் நம்பி நதியைத் தாண்டின என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம் தரும் செய்தி.

கன்னடத்தில் இதற்கு ஹரிகோல் என்று பெயர். நம் ‘பால்’ என்ற சொல்லை, பகரத்தை ஹகரமாக்கி, ‘ஹாலு’ என்று சொல்லும் மொழி அது. ஆகவே பரிசலும் ஹரிகோலும் உறவுள்ள சொற்களாக இருக்க இடமுண்டு. வெளிநாடுகளில் டைக்ரிஸ் நதியிலும், இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டிலும் இத்தகைய கூடை ஓடங்கள் இருந்தன. சென்னை மாகாணத்து மீன்துறைத் தலைவராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னல் அவற்றையெல்லாம் நம் பரிசலோடு சேர்த்து ஆராய்ந்து எழுதினார்.

பாலங்கள் பெருகப் பெருகத் துறைகள் பல ஓய்ந்தன. ஆனால் மேட்டூரில் நேர்ந்தது விசித்திரமானது. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அவ்வூர்க் காவிரி அணை, பல கிராமங்களை மூழ்கடித்து, ஆறாக இருந்ததைக் கடலாக விரித்தபோது, இரு கரைகளிலும் உள்ள பண்ணவாடிக்கும் நாகமரைக்கும் இடையே கடக்கவேண்டிய நீர்ப்பரப்பும் விரிந்துவிட்டது. அணை கட்டிய யுகத்திலும் பரிசலின் தேவை அங்கே ஒழியவில்லை. நீர்மட்டம் தாழும் காலங்களில், மூழ்கிய ஜலகண்டேசுவரர் ஆலயத்து நந்தி பண்ணவாடித் துறையருகே நீருக்கு மேலே தலை காட்டுகிறது.

ஒகேனக்கல்லில் பரிசல்காரர்களின் ஜீவனம் ஆற்றின் சித்தத்தைப் பொறுத்தது. ஆடியில் வெள்ளம் பெருகினால் அதிகாரிகள் பரிசலைத் தடைசெய்வார்கள். தடை நீங்கும் வரையில் துடுப்புகள் சும்மா கிடக்கும். அன்று எங்கள் பரிசல் கடந்து சென்ற பாறைகளில் எதற்குக் கீழே சுழல் உண்டு, எந்த மாதத்தில் எந்த மடு ஆபத்தானது என்பதையெல்லாம் எங்கள் பரிசல்காரர் தம் தகப்பனாரிடம் கேட்டறிந்ததாகச் சொன்னார். அவருடைய மகனோ வெளியூரில் வேலைக்குப் போய்விட்டான்.

கரையேறிய பிறகு, பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, பெரிய ஆமையைப்போல் அவர் பாறைகளிடையே நடந்து சென்றார். ஒகேனக்கல்லுக்குப் போகும் அன்பர்களே, அருவியைப் பார்த்துத் திரும்பும் முன்பு, பரிசல் பின்னும் முதியவர் ஒருவரின் அருகில் ஒரு நாழிகை உட்காருங்கள். பாறைகளின் பெயர்களையும் மூங்கில் தேர்ந்தெடுக்கும் முறையையும் கேட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வாருங்கள்.