கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வும் தரவரிசை ஒழிப்பும்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதப் பட்டத்தேர்வு டிரைபோஸ் எனப்படும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1909 வரை இத்தேர்வில் சிறப்புநிலையில் தேறியவர்களின் பெயர்கள் தரவரிசைப்படி வெளியிடப்பட்டன. கணிதத்தை அறிவதற்காகக் கற்பதா, பட்டியலில் இடம்பிடிப்பதற்காகக் கற்பதா என்ற விவாதம் இத்தேர்வைச் சுற்றி எழுந்தது.

தரவரிசையின் மதிப்பு

முதல் வகுப்பில் தேறியவர்கள் 'ராங்லர்' என்றும், அவர்களுள் முதலாமவர் 'சீனியர் ராங்லர்' என்றும் அழைக்கப்பட்டனர். முதலிடம் நாடறிந்த புகழைத் தந்தது. கல்லூரிப் பதவிகளுக்கும் அது வழிவகுத்தது. பட்டியலில் கடைசியாக வந்தவருக்கு மாணவர்கள் கேலியாக மரக்கரண்டி அளித்தனர். 1890இல் பிலிப்பா ஃபாசெட் சீனியர் ராங்லரைவிட அதிக மதிப்பெண் பெற்றார். எனினும் அப்போது பெண்களுக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. 1899இல் ஆர்.பி. பராஞ்ச்பே முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு, அவ்விடத்தை எட்டிய முதல் இந்தியரானார்.

தனிப்பயிற்சி

இடத்துக்கான போட்டி தனிப்பயிற்சியாளர்களை உருவாக்கியது. மாணவர்கள் பலர் பேராசிரியர்களின் விரிவுரைகளைவிடக் கட்டணம் பெற்றுக் கற்பித்த பயிற்சியாளர்களையே நம்பினர். அவர்களுள் புகழ்பெற்றவர் எட்வர்ட் ரூத். அவரிடம் பயின்றவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் சீனியர் ராங்லர்களாயினர். ரூத் 1854இல் முதலிடம் பெற்றவர். அவ்வாண்டு இரண்டாமிடத்தில் வந்தவர், பின்னாளில் மின்காந்தக் கோட்பாட்டை வகுத்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

ஸ்டோக்ஸ், ராலே போன்ற பெரும் அறிவியலாளர்களும் முதலிடம் பெற்றவர்களே. ஆகவே தேர்வு திறமையை அடையாளம் காணவில்லை என்று கூறமுடியாது. ஆனால் குறுகிய நேரத்தில் விடையெழுதும் வேகமே அதில் முதன்மை பெற்றது. ஐரோப்பாவில் வளர்ந்துவந்த நவீனப் பகுப்பாய்வுக் கணிதத்துக்குக் கேம்பிரிட்ஜில் உரிய இடம் கிடைக்கவில்லை.

ஹார்டியின் எதிர்ப்பு

ஜி.எச். ஹார்டி 1898இல் நான்காமிடம் பெற்றார். தேர்வுப் பயிற்சி அவருக்குச் சலிப்பூட்டியது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோர்டானின் நூலைப் படித்த பின்னரே கணிதம் என்றால் என்ன என்பதை உணர்ந்ததாக அவர் பின்னர் குறிப்பிட்டார். தரவரிசையை நீக்கக் கோரியவர்களுள் அவரும் ஒருவர். 1909க்குப் பிறகு வகுப்பு மட்டுமே அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு வகுப்பிலும் பெயர்கள் அகரவரிசையில் இடம்பெற்றன. ஹார்டி அத்துடன் நிறைவடையவில்லை. 1926இல் கணிதச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் அத்தேர்வையே ஒழிக்க வேண்டும் என்று வாதிட்டார்.

ராமானுஜன்

சீனிவாச ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதத்தில் மட்டுமே ஆழ்ந்திருந்ததால் பிற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அவர் 1913இல் எழுதிய கடிதத்தை ஹார்டி அதிலிருந்த சூத்திரங்களைக் கொண்டே மதிப்பிட்டார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் பெறாத ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், 1916இல் தேர்வின் வழியாக அல்லாமல் ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் பெற்றார்.

மதிப்பீடு

1909இன் மாற்றம் தேர்வை நீக்கவில்லை. ஒரு மாணவர் மற்றவரைவிட எத்தனை மதிப்பெண் முந்தினார் என்ற கணக்கை மட்டுமே நீக்கியது. ராமானுஜன் போன்றோருக்கு அது போதுமானதன்று. தேர்வுக்கு வெளியே ஒருவரின் பணியைப் படித்து மதிப்பிடும் ஆசிரியரும், அதை ஏற்கும் பல்கலைக்கழகமும் அவருக்குத் தேவைப்பட்டன.