ஆர்மோனியத் தடையும் ஆட்டோட்யூனும்

1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்தத் தடைக்கு முதற்காரணம் சுரம் பற்றிய ஒரு குற்றச்சாட்டு. பாடகரின் குரலைக் கருவி திருத்தலாமா என்று இன்று ஒலிப்பதிவுக்கூடங்களில் எழும் கேள்வி, அப்போதே அரசு நிறுவனம் ஒன்றின் ஆணையாக வெளிப்பட்டுவிட்டது.

1842இல் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற கருவி அது. அதைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தி இயக்கி வாசிக்கத்தக்க பெட்டியாக மாற்றியதில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் அதன் நாக்குகள் ஐரோப்பியச் சமபகுப்பு முறையில் சுருதி சேர்க்கப்பட்டவை. ஓர் அரைச்சுரத்தை நூறு செண்ட்டாகப் பகுத்தால், தம்புராவின் தந்தியில் தானாக எழும் அந்தர காந்தாரம் சட்சத்திலிருந்து ஏறத்தாழ 386 செண்ட்டில் நிற்கும்; ஆர்மோனியத்தின் காந்தாரமோ 400இல் நிற்கும். பழகிய செவி அந்தப் பதினான்கு செண்ட்டை உணரும். அதைவிடப் பெரிய குறை, ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அக்கருவியால் இயலாது என்பது.

வானொலியின் டெல்லி நிலையத்தில் மேலை இசைக்குப் பொறுப்பேற்றிருந்த ஆங்கிலேயர் ஜான் ஃபோல்ட்ஸ் இக்கருவியைக் கடுமையாகச் சாடினார். 1940 சனவரியில் தாகூரும் கல்கத்தா நிலையத்துக்குத் தம் எதிர்ப்பை எழுதினார். (அதற்கு முப்பது ஆண்டு முன்பே ஆனந்த குமாரசுவாமி கிராமபோனையே ஐயத்துடன் நோக்கியவர்.)

தடைக்கு முன்னரே ஒரு மாற்று முயற்சி நடந்திருந்தது. சாங்கிலியின் கே. பி. தேவலும், ஆங்கில நீதிபதி ஈ. கிளெமென்ட்சும் 22 சுருதிகளையும் ஒலிக்கும் ஆர்மோனியம் ஒன்றை உருவாக்கினர். பாடகர் அப்துல் கரீம் கான் அவர்களுக்குத் துணைநின்றார். 1916இல் பரோடாவில் கூடிய முதல் அகில இந்திய இசை மாநாட்டில் அக்கருவி கடும் விவாதத்துக்கு உள்ளாயிற்று, வழக்கில் நிலைபெறவில்லை. நாக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் குறை நீங்கும் என அவர்கள் கருதியதே பிழை. இராகத்தின் உணர்ச்சி பெரும்பாலும் புள்ளிகளுக்கு இடைப்பட்ட வழியில் இருக்கிறது.

வியப்பு என்னவெனில், அறிஞர்கள் வெறுத்த கருவியைப் பாடகர்கள் கைவிடவேயில்லை. கச்சேரி மேடைகளில் ஆர்மோனியம் குரலைப் பின்தொடர்ந்தது. குரல் வழுக்கும் இடத்தில் நல்ல வாசிப்பாளர் விரலைத் தளர்த்திக் காத்திருந்தார். கருவியின் காந்தாரம் 400இல் நின்றாலும் பாடகர் தம் காந்தாரத்தைத் தம் இடத்திலேயே வைத்துக்கொள்ள முடிந்தது. 1971இல் தடை பகுதியளவில் தளர்த்தப்பட்டபோது வானொலி ஏற்றுக்கொண்டது இந்த நடைமுறையைத்தான்.

1997இல் வந்த மென்பொருள் பின்தொடர்வது அன்று. எண்ணெய் தேடும் நிறுவனங்களுக்காக நில அதிர்வலைகளை ஆராய்ந்த ஆண்டி ஹில்டெப்ராண்ட் என்பவர் அதே வகைக் கணக்கீட்டைக் குரலுக்குப் பொருத்தி ஆட்டோட்யூனை உருவாக்கினார். பாடியவர் வீடு திரும்பிய பின்னும் அவருடைய சுரத்தை அது அருகிலுள்ள நிலைக்கு இழுத்துவிடும். தர்பாரி கானடாவின் கோமள காந்தாரம் மெல்ல அசைந்துகொண்டே இருக்கவேண்டியது. திருத்த வேகத்தைக் கூட்டினால் மென்பொருளுக்கு அந்த அசைவே பிழையாகத் தோன்றும், வழுக்கல் படிக்கட்டாகும். அதன் சுரவரிசைப் பட்டியலில் 'இந்தியன்' என்ற பெயரில் 22 சுர வரிசை ஒன்றும் உண்டு. தேவலின் பெட்டி கணினிக்குள் குடிபுகுந்ததுபோல!

மென்பொருளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. முழு வாத்தியக் குழுவுடன் ஒரே மூச்சில் பதிவு செய்த காலத்தில், உயிரோட்டமாக அமைந்த பாடல் ஒரே ஒரு சுரம் பிசகியதால் கைவிடப்படுவதுண்டு. அந்த ஒரு சுரத்தை மட்டும் திருத்தி மற்றதைக் காப்பது உணர்ச்சிக்கே செய்யும் உதவி.

இழப்பு நேர்வது வரலாற்றுச் சான்றில். 1963இல் நசீர் ஜெய்ராஸ்பாயும் ஏ. டபிள்யூ. ஸ்டோனும் பதிவுகளைக் கருவிகொண்டு அளந்து, ஒரே சுரம் கலைஞருக்குக் கலைஞர் வேறுபடுவதையும், ஒரே கலைஞரிடத்திலும் அது நிலையாக நில்லாததையும் காட்டினர். நிலையான 22 சுருதிகள் என்ற நெடுங்கால நம்பிக்கையை அசைத்தவை அத்தகைய அளவீடுகளே. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய தட்டுகளையும் இவ்வாறு அளக்கலாம். தட்டின் சுழற்சி வேகம் ஐயத்துக்குரியதாயினும், அது சீராக இருக்கும்வரை சட்சத்துக்கும் காந்தாரத்துக்கும் இடைப்பட்ட விகிதம் மாறுவதில்லை. இன்று வெளியாகும் ஒரு பதிவில் காந்தாரம் துல்லியமாக 400இல் நின்றால், அது பாடகரின் காந்தாரமா மென்பொருளினுடையதா என்பதைப் பதிவைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. திருத்தப்படாத மூலக்குரல், அழிக்கப்படாதிருந்தால், பதிவுக்கூடத்து வன்தட்டு ஒன்றில் கிடக்கும்.