மலைமடந்தையும் மடம் என்னும் சொல்லும்

கண்ணகிக்குப் படிமம் சமைக்கக் கல் வேண்டி வடதிசை நோக்கிப் புறப்பட்ட சேரன் செங்குட்டுவன், செல்லும் வழியில் நீலகிரியின் மருங்கே பாடியிறங்கினான் என்று சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் கூறுகின்றது. நீலகிரி என்னும் பெயரைத் தமிழ் இலக்கியத்தில் நாம் காணும் பழைய இடங்களுள் அஃது ஒன்று. ஒரு பெண்ணின் பெருமையைக் கல்லில் நிலைநிறுத்தச் சென்ற வேந்தனின் வரலாற்றோடு இப்பெயர் இணைந்து வருதல் எண்ணி மகிழத்தக்கது. இன்று இம்மலைமீது அன்னைக்குக் குடமுழுக்கு நிகழ்கின்றது. இந்நன்னாளில், பெண்மைக்கு உரியதென நம் முன்னோர் வகுத்த சொற்களுள் பெரிதும் பிழைபட உணரப்பட்ட ஒரு சொல்லை ஆராய்வது பொருத்தமாகும். அச்சொல் மடம்.

அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என நான்கு குணங்களைப் பெண்டிர்க்கு உரியனவாக எண்ணுவது நம் நாட்டு வழக்கு. இந்நான்கனுள் மடம் என்பதற்கு இக்காலத்தார் பலரும் கொள்ளும் பொருள் அறியாமை என்பதே. அறியாமை பெண்ணுக்கு அணியாயின், அவளுக்குக் கல்வி எதற்கு? இவ்வினாவை எழுப்பி, பெண்மக்களைப் பள்ளியினின்று நிறுத்தியோர் உண்டு. அதே பொருளைக் கொண்டு, தமிழ் மரபு பெண்ணைப் பேதையாக வைத்தது என்று பழித்தோரும் உண்டு. இரு சாராரும் ஒரே பொருளின்மேல் நின்றனர். அப்பொருள் சரிதானா என்று முதலில் காணல் வேண்டும்.

பழைய இலக்கணமாகிய தொல்காப்பியம் களவியலில் பெண்பாற்குக் கூறும் குணங்கள் மூன்றே. பயிர்ப்பு அங்கு இல்லை. அந்நூலே பொருளியலில் வேறொரு தொகுதியையும் தருகின்றது. அதில் அறிவும், செம்மையும், நிறைவும், செறிவும், அருமையும் இடம் பெறுகின்றன. செப்பு என்பதும் உண்டு. செப்பாவது சொல்லத்தக்கதைச் சொல்லும் திறம். அறிவையும் சொல்வன்மையையும் பெண்மையின் கூறாக வைத்த ஆசிரியர், அறியாமையையும் அதற்கே இலக்கணமாகக் கூறியிருப்பாரோ? முன்னுக்குப் பின் முரணும் இயல்பினர் அல்லர் தொல்காப்பியர். ஆதலின் மடம் என்பதற்கு வேறு பொருள் இருத்தல் வேண்டும்.

அப்பொருளை விளங்க உரைப்பது இறையனார் களவியல் உரை. நாற்குணங்களையும் நிரல்பட வைத்து, ஒவ்வொன்றிற்கும் விளக்கம் கூறும் பழைய உரை அது. மடமாவது, ஒருவர் கற்பிக்க அதனை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைப் பின்னர் நழுவ விடாமல் காத்தல் என்பது அவ்வுரையின் கருத்து. அங்குக் கற்பித்தலைக் குறிக்க ஆளப்படும் சொல் கொளுத்துதல். கொள்ளுமாறு செய்தல் என்பது அதன் பொருள். எனவே மடத்திற்கு மூன்று படிகள் உள்ளன: கற்பித்தல், கொள்ளுதல், விடாமை. முதற்படி இல்லையேல் மற்றவை இல்லை. கல்வி பெறாத பெண்ணிடம் இவ்வுரையாசிரியர் கூறும் மடம் தோன்றவே இயலாது. பெண்ணுக்குக் கல்வி வேண்டா என்பதற்குக் காட்டப்பட்ட சொல்லே, அவளுக்குக் கற்பித்தல் வேண்டும் என்பதற்குச் சான்றாய் நிற்கின்றது!

அவ்வுரை நிலைபெற்ற வரலாறும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நக்கீரர் உரைத்த பொருளை ஆசிரியர் கூற மாணாக்கர் கேட்டு, தலைமுறை தலைமுறையாக வாய்மொழியிற் காத்து, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை கொணர்ந்தனர் என்று அந்நூலே கூறுகின்றது. மடத்தை விளக்கிய உரை, மடத்தினாலேயே பிழைத்தது என்னலாம்.

இனி இச்சொல்லின் பிறப்பைக் காண்போம். மட என்னும் உரிச்சொல் மென்மையையும் இளமையையும் உணர்த்தும். மடமான், மடப்பிடி என்பன சங்கப் புலவர் வழக்கு. இளமையில் வளைந்து கொடுக்கும் இயல்பு உண்டு. வளைவதனால் ஏற்கும் இயல்பும் உண்டு. மடங்கு, மடி என்னும் வினைகளிலும் வளைதற் பொருள் இருத்தல் காண்க. இளமைக்கு உலகியல் அறிவு குறைவாதலின், பேதைமை என்னும் பொருளும் இச்சொல்லின்மேல் ஏறியது. காலப்போக்கில் அப்பொருளே மேலோங்கி, மடமை, மடையன் என வசையாகவும் இழிந்தது. துறவியர் உறையும் மடம் வடசொல் வழி வந்தது. அதற்கும் இதற்கும் உறவில்லை.

மேலும், இச்சொல் பெண்டிர்க்கே உரியதும் அன்று. குளிரால் நடுங்கியதென்று மயிலுக்குப் போர்வை ஈந்தான் ஆவியர் கோமான் பேகன். படரக் கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரை ஈந்தான் பறம்பின் வேள் பாரி. இவ்வள்ளல்களின் செயலைக் கொடைமடம் என்று போற்றியது தமிழுலகம். கைம்மாறு கருதாத உள்ளத்தின் நெகிழ்ச்சி அது. ஆடவரிடத்தில் அருட்பண்பாக விளங்கிய சொல், மகளிரிடத்தில் மட்டும் அறிவின்மையாவது எங்ஙனம்?

மடப்பிடி என்றோம். முதுமலைக் காட்டில் யானைக்கூட்டத்தை நடத்திச் செல்வது களிறன்று; மூத்த பிடியே. கோடையில் நீர் எங்கே கிடைக்கும், எவ்வழி சென்றால் ஆறு கடக்கலாம் என்பதைத் தன் மூத்தோரைத் தொடர்ந்து கற்ற இளம்பிடி, அதனை மறவாது வளர்ந்து, ஒருநாள் கூட்டத்திற்குத் தலைமை தாங்குகின்றது. கற்றதை விடாமையே பின்னாளில் தலைமையாக மலர்கின்றது.

மலையகத்து மாந்தர் வாழ்விலும் இப்பண்பு ஒளிர்வதைக் காணலாம். தோடர் குலப் பெண்டிர் வெண்துணியில் சிவப்பும் கருப்புமாக இழைக்கும் பூத்தையலுக்கு வரைந்த மாதிரி ஏதும் இல்லை. இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துவர். அன்னையிடம் மகள் கற்று வந்த அக்கலைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கோத்தர் குடியில் மட்கலம் வனைவோர் மகளிரே. தேயிலைத் தோட்டத்தில் இரு இலையும் ஒரு கொழுந்தும் தேர்ந்து கொய்யும் கைகளும் பெரும்பாலும் பெண்டிர் கைகளே. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் இலங்கையினின்று பெயர்ந்து இம்மலைக்கு வந்த குடும்பங்களின் பெண்கள், உடைமை பலவற்றை இழந்தும் கொழுந்தெடுக்கும் திறனை இழந்திலர். அதனையே கைம்முதலாகக் கொண்டு புதுமண்ணில் குடும்பம் காத்தனர். இவர்களை அறியாதவர் என்று சொல்லத் துணிவார் யார்?

படுகப் பெருமக்கள் போற்றும் ஹெத்தையம்மனை இங்கு நினைத்தல் தகும். கோத்தகிரியை அடுத்த பேரகணியிலும் பிற ஊர்களிலும் ஆண்டுதோறும் அவ்வன்னைக்கு விழா எடுக்கின்றனர். வெள்ளாடை அணிந்த மக்கள் திரள் மலைச்சரிவையே வெண்மையாக்குகின்றது. ஹெத்தை என்றால் பாட்டி, மூதாய் என்பது பொருள். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல, கன்னடத்திலும் படுகிலும் ஹகரம் பெறும். பால் என்பது ஹாலு ஆகும், பத்து என்பது ஹத்து ஆகும். பெற்ற என்பதனைக் கன்னடம் ஹெத்த என்கின்றது. அவ்வழியே ஹெத்தை என்பதனைப் பெற்றவள் என்னும் சொல்லோடு உறவுபடுத்திக் காண்பது பொருந்தும். பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கிவந்த ஒரு மொழியில், கதையும் பாட்டும் குலமரபும் பாட்டியர் நாவில் வாழ்ந்தன. கொண்டதை விடாது காத்த மூதாட்டியையே தெய்வமென உயர்த்தியது இம்மலை.

மடந்தை என்னும் சொல்லும் மட என்பதன் வழிப்பட்டதே. பெண்டிர் பருவம் ஏழனுள் 14 முதல் 19 ஆண்டு வரை மடந்தைப் பருவம் என்பர். கற்கும் பருவம் அது. தேவாரம் பாடிய அருளாளர் உமையம்மையை மலைமடந்தை என்றும் மலையான் மடந்தை என்றும் அழைத்தனர். அந்த மடந்தையே சீகாழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு ஞானப்பால் ஊட்டினாள் என்பது சைவர் அறிந்த வரலாறு. ஞானத்தைப் பாலாக ஊட்டிய தாயின் பெயரில் அறியாமை எவ்வாறு குடிகொள்ளும்?

பெண்ணை இழிவாக நினைக்கும் மடமையைத் தீயிலிட வேண்டும் என்று முழங்கினார் பாரதியார். மடமை எவரிடம் இருந்தது என்பதை அவர் தெளிவாகக் கண்டார். இழிக்கப்பட்ட பெண்ணிடம் அன்று, இழித்தவரிடம். அம்மடமை எரிந்தொழிய வேண்டுவதே. உரையாசிரியர் கூறிய மடமோ ஆடவரும் மகளிரும் ஒருங்கே போற்றிக் கொள்ளத்தக்கது.

ஆதலின், அச்சம் மடம் என்று வீட்டில் ஓதும் பெரியோர், மடத்தின் முதற்படி கற்பித்தல் என்பதை நினைவில் கொள்க. நம் பெண்மக்களுக்கு நல்லன யாவும் கற்பிப்போம். அவர்கள் கொள்வர், கொண்டதை விடார். அதுவே மலைமடந்தைக்கு நாம் செய்யும் நாள்வழிபாடு. குடநீர் கலசத்தின்மேல் பொழியும் இந்நாளில் அன்னையின் அருள் மழையும் மலையெங்கும் பொழிக! இல்லந்தோறும் ஞானம் தழைக்க!