நாடகச் சொற்கள் நமக்குப் புதியவையா?



தரம் 10 பிள்ளைகளுக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறோம். போன கிழமை ஒரு வாப்பா பாடசாலைக்கு வந்தார். "சேர், இந்தப் பாடம் நமக்கு எதுக்கு? சொல்லுகளே விளங்குதில்ல. மகன வேற பாடத்துக்கு மாத்தி விடுங்க" என்றார். அவர் கோபத்தில் கேட்கவில்லை. மகனின் பெறுபேற்றை நினைத்துத்தான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறோம்.

தமிழில் நாடக இலக்கணத்தை மீண்டும் எடுத்துப் பேசியவர்களில் முக்கியமானவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947). 1920களின் இறுதியில் நமது திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். அவரது 'மதங்க சூளாமணி' 1926இல் நூலாக வந்தது. அதில் சேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்து விளக்கினார். சேக்ஸ்பியருக்கு 'செகசிற்பியார்' என்று பெயரும் வைத்தார்.

நாடகக் கதை ஐந்து கட்டமாக வளரும் என்பது பழைய இலக்கணம்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். பிள்ளைகள் மனனம் செய்யக் கஷ்டப்படுவது இந்த இடத்தில்தான். ஆனால் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் இவற்றை நெல்லை வைத்தே விளக்கியிருக்கிறார்.

உழுத மண்ணில் போட்ட விதை முளைப்பது முகம்.
இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம்.
பயிர் கருக்கொள்வது கருப்பம். நாம் குடலைப் பருவம் என்போம்.
கதிர் முற்றுவது விளைவு.
வெட்டிச் சூடடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து உண்பது துய்த்தல்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் வயல் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது விளங்காதா?

மேடைத் திரைக்குப் பழைய பெயர் எழினி. சிலப்பதிகாரம் மூன்று வகை சொல்கிறது. ஒரு பக்கமிருந்து இழுப்பது ஒருமுக எழினி. இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து கீழே இறங்குவது கரந்துவரல் எழினி. வகுப்பில் இரண்டு சாரனைக் கட்டி இழுத்துக் காட்டினோம். ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது.

கூத்துப் பழக்குபவர் அண்ணாவியார். கிழக்கில் நம் கல்யாண வீடுகளில் பொல்லடி அடித்த காலத்தில், அதைப் பழக்கியவரையும் அண்ணாவியார் என்றே அழைத்தார்கள். வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த வாப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் போகும்போது மகனிடம், "குடலையில தண்ணி இல்லாட்டி எல்லாம் பதர்தான்டா" என்று சொல்லிக்கொண்டு போனார். கதையின் நடுவில் வரும் நெருக்கடியை விளக்க நாங்கள் தேடிக்கொண்டிருந்த உதாரணம் அது. மறுநாள் பாடத்தை அதிலிருந்தே தொடங்கினோம்.

பெற்றோர்களே, சொல் விளங்கவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பாடத்திலிருந்து எடுக்காதீர்கள். முதலில் வீட்டில் அதைப் பற்றிக் கதையுங்கள். பொல்லடி, களிகம்பு, சீனடிச் சொற்கள் தெரிந்த பெரியவர்கள் கீழே எழுதுங்கள். வகுப்பில் சேர்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.