தாளின் எல்லையும் விளக்கின் வடிவமும்: பினாங்கின் காகித விளக்குக் கலை

பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் காகித விளக்கின் வரலாறு, அந்நகரில் குடியேறிய மக்களின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. 1786-இல் பிரான்சிஸ் லைட் அத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டு தீர்வையற்ற துறைமுகமாக்கியபின், தென்சீனக் கரையிலிருந்து ஹொக்கியன், காண்டனியச் சீனரும், சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகரும், வங்கத்திலிருந்து சிப்பாய்களும் கைதிகளும் வந்து சேர்ந்தனர். இவர்களில் பலருக்கு மூங்கிலையும் காகிதத்தையும் கொண்டு விழாக்காலக் கூடுகள் கட்டும் வழக்கம் தாயகத்திலேயே இருந்தது. முஹர்ரம் ஊர்வலத்தில் எடுத்துச் செல்லப்பட்ட ‘தபூத்’, மூங்கில் சட்டத்தின்மேல் வண்ணக் காகிதமும் ஜிகினாவும் ஒட்டிய கூண்டாகும். அவ்விழாவிலிருந்து கிளைத்த போரியா என்னும் ஆடல்பாடல் கலை பினாங்கில் இன்றும் நிலைத்திருக்கிறது. 1918-இல் நிறுவப்பட்ட மகிந்தாராம பௌத்த ஆலயத்திற்கு அடிகோலிய சிங்களரின் தாயகத்திலும், மூங்கில் சிம்புகளின்மேல் மெல்லிய தாளை ஒட்டிச் செய்யும் வெசாக் கூடு நெடுங்கால வழக்கமாக இருந்துவந்தது.

எனினும் விளக்கு செய்வது ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது சீனரிடையேதான். அதற்கு அவர்களுடைய சந்திர நாட்காட்டி ஆண்டு முழுவதும் வேலை கொடுத்துக்கொண்டிருந்ததே காரணம். முதல் மாதத்துப் பௌர்ணமியான சாப் கோ மே, எட்டாம் மாதத்துப் பௌர்ணமியில் வரும் தங்லோங் விழா, ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாட்களில் உயரமான மூங்கில் கம்பத்தில் ஒன்பது விளக்குகளை ஏற்றிக் கொண்டாடப்படும் நவ பேரரசத் தெய்வ விழா ஆகியவை தொடர்ந்து விளக்குகளை வேண்டின. இவற்றோடு, 1906-இல் இன்றைய வடிவில் எழுந்த கூ கோங்சி போன்ற குலச் சங்க மண்டபங்களும் செல்வர் இல்லங்களும் வாயிலில் குலப்பெயர் எழுதிய இணைவிளக்குகளைத் தொங்கவிட்டன. திருமணத்துக்கும் இறப்புக்கும் வெவ்வேறு நிறத்து விளக்குகள் தேவைப்பட்டன. ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் உள்ள கெக் லோக் சி கோயில் சீனப் புத்தாண்டுக் காலத்தில் ஆயிரக்கணக்கான விளக்குகளால் ஒளியூட்டப்படுவது இந்த மரபின் இன்றைய பெருந்தோற்றம்.

ஃபூஜியன் மாநிலத்திலிருந்து பரவிய விளக்கு மரபில் இரண்டு முறைகள் குறிப்பிடத்தக்கவை. சுவான்சோ முறையில், நூல்போல் சீவிய மூங்கில் சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி உருண்டையான வலைக்கூடு செய்து, அதன்மேல் தாளையோ மெல்லிய துணியையோ பசையிட்டு ஒட்டி, எழுத்தும் ஓவியமும் தீட்டி, துங் எண்ணெய் பூசி நீர்புகாமல் காப்பார்கள். ஃபூசோ முறையில், மூங்கில் பிளாச்சுகளைக் குடைக்கம்பிகள்போல் மேலும் கீழும் வளையத்தில் இணைத்து, மடக்கி வைக்கத்தக்க விளக்காகச் செய்வார்கள். முன்னது உறுதியும் பின்னது எடுத்துச்செல்லும் வசதியும் கொண்டது. இரண்டுமே தட்டையான தாளைக் கொண்டு உருண்டை வடிவத்தை அடையும் வழிகள் என்பதே இங்குக் கருதத்தக்கது.

அவ்வாறு அடைவதில் இருக்கும் தடையைக் கணிதம் துல்லியமாக வரையறுத்துள்ளது. ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ் 1827-இல் நிறுவிய தேற்றத்தின்படி, நீட்டாமலும் சுருக்காமலும் வளைக்கும்போது ஒரு பரப்பின் உள்ளார்ந்த வளைவு மாறுவதில்லை; ஆகவே தட்டையான தாளை உருளையாகவோ கூம்பாகவோ சுருட்டலாமே தவிர, கசங்கலோ கிழிசலோ இன்றிக் கோளமாக்க இயலாது. விளக்குக் கைவினைஞரின் உத்திகள் யாவும் இந்தத் தடையைச் சுற்றிச் செல்வனவே. வலைக்கூட்டின்மேல் தாளைச் சிறு துண்டுகளாக ஒட்டினால், ஒவ்வொரு துண்டும் அடையவேண்டிய வளைவு புலப்படாத அளவுக்குக் குறைந்துவிடுகிறது. வெசாக் கூட்டில் சதுரமும் முக்கோணமுமான சட்டங்களை இணைத்து வளைவையே தவிர்த்து, முழு வடிவத்தையும் தட்டை முகங்களாகப் பகுத்துவிடுகிறார்கள். ஜப்பானின் கிஃபு நகரத்தில், பிரித்தெடுக்கத்தக்க மர அச்சின்மேல் மூங்கில் சிம்பைச் சுருளாகச் சுற்றி, தாளை நெடுக்குவாட்டுக் கீற்றுகளாக ஒட்டி, பசை உலர்ந்தபின் அச்சைத் துண்டு துண்டாக உள்ளிருந்து உருவி எடுப்பார்கள். 1951-இல் அந்நகருக்குச் சென்ற சிற்பி இசாமு நொகுச்சி, இம்முறையைக் கொண்டே தம் ‘அகாரி’ விளக்கு வரிசையை வடிவமைத்தார். அச்சை மாற்றினால் விளக்கின் உருவத்தை விரும்பியவாறு மாற்றலாம் என்பதை அவ்வரிசை காட்டியது.

வடிவத்தைக் கட்டுப்படுத்திய மற்றொன்று தீ. மெழுகுவர்த்தி எரியக் கீழிருந்து காற்று வரவேண்டும், சூடான வாயு மேல்வழியே வெளியேறவேண்டும், சுடருக்கும் தாளுக்கும் போதிய இடைவெளி வேண்டும். ஆகவே பழைய விளக்குகள் மேலும் கீழும் திறந்தும், நடுவில் பருத்தும் அமைந்தன. இருபதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் டவுனுக்கு மின்சாரம் வந்தபின் சுடரின் ஆபத்து நீங்கிற்று என்றாலும், இழைபல்பின் வெப்பம் தாளைப் பழுப்பாக்குவதால் இடைவெளியின் தேவை முழுதும் மறையவில்லை. இதனிடையே, கம்பிச்சட்டத்தின்மேல் வண்ணக் கண்ணாடித்தாள் ஒட்டிய சேவல், மீன், விமானம் போன்ற மலிவான விளக்குகள் தங்லோங் விழாவில் குழந்தைகளின் கைகளை அடைந்து, மூங்கில் பின்னலின் சந்தையைச் சுருக்கின. வெப்பத்தின் கட்டு பெரிதும் தளர்ந்தது ஒளியுமிழ் டையோடு, அதாவது எல்இடி வந்தபின்தான். அதன் உற்பத்தி வரலாற்றிலும் பினாங்குக்கு இடமுண்டு: தீர்வையற்ற துறைமுகத் தகுதி பறிபோன நிலையில், 1969-இல் முதலமைச்சரான லிம் சோங் யூ தொழில்மயத்தை முன்னெடுக்க, 1972-ஐ ஒட்டி பாயான் லெப்பாஸ் வணிக வலயத்திற்கு வந்த முதல் எட்டு நிறுவனங்களுள் எல்இடி தயாரித்த லிட்ரோனிக்ஸும் ஒன்று, அந்த ஆலை பின்னர் ஓஸ்ராம் குழுமத்தின் கைக்குச் சென்றது. சில வாட் மின்சாரத்தில் குறைந்த வெப்பத்துடன் ஒளிரும் இவ்விளக்கால், தாள் ஒளிமூலத்தை நெருங்கவும், திறப்புகள் குறையவும், மடிப்புகள் பெருகவும் வழி பிறந்தது.

கணினிவழி மாதிரியாக்கம் இந்த விடுதலையைப் பயன்படுத்திக்கொள்ளும் கருவியாக வந்தது. 1963-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ நிரலில், வரைந்த கோடுகளுக்கிடையே உறவுகளை விதித்துவிட்டால், ஒன்றை மாற்றும்போது மற்றவை தாமே இணங்கின. இன்றைய அளவுரு மாதிரியாக்கம், அதாவது உயரம், விட்டம், பட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மாற்றத்தக்க எண்களாக வைத்து வடிவத்தை உருவாக்கும் முறை, அந்த எண்ணத்தின் வளர்ச்சியே. எடுத்துக்காட்டாக, 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை விளக்கை 12 நெடுக்குப் பட்டைகளால் அமைத்தால், ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் நீளமும் நடுவில் 7.8 சென்டிமீட்டர் அகலமும் கொண்டு, இரு முனைகளை நோக்கிக் குவியும். பட்டையின் நடுக்கோடு உண்மையான கோளத்திலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் உள்வாங்கி நிற்கும். பட்டைகளை 24 ஆக்கினால் அந்த விலகல் 1.3 மில்லிமீட்டராகக் குறையும். ஆனால் ஒட்டவேண்டிய விளிம்புகள் இருமடங்காகி, ஒளியில் தெரியும் கருங்கோடுகளும் பெருகும். இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதைக் கைவினைஞர் பல விளக்குகள் செய்து அறிந்தார். வடிவமைப்பாளர் திரையிலேயே ஒப்பிட்டுப் பார்த்து, பரப்பைத் தட்டையாக விரித்துக் காட்டும் நிரலின்வழி வெட்டுப்படிவத்தைப் பெற்று, லேசர் வெட்டுப்பொறிக்கு அனுப்புகிறார்.

ஆயினும் திரையில் உள்ள தாளுக்குத் தடிமனோ எடையோ ஈரமோ கிடையாது என்பதால், முன்மாதிரி செய்து பார்க்கும் கட்டம் தவிர்க்க முடியாததாகிறது. உண்மைத் தாளில் இழைகள் ஒரு திசையில் படிந்திருப்பதால், இழைவாக்கில் மடிப்பு நேராக விழுகிறது, குறுக்குவாக்கில் பிசிறுகிறது. ஈரத்தை உறிஞ்சும்போது இழைக்குக் குறுக்கேதான் அதிகம் விரிகிறது. காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் மிகுந்திருக்கும் பினாங்கில், குளிரூட்டிய அறையில் பிசகின்றிப் பொருந்திய பட்டைகள் ஐந்தடி எனப்படும் கடைமுன் நடைபாதையில் தொங்கும்போது தளர்ந்து தொய்யக்கூடும். ஆகவே முதலில் சாதாரணத் தாளில் சிறிய அளவிலும், அடுத்து உரிய தாளில் ஓரிரு பட்டைகளாகவும், இறுதியில் ஒளிமூலத்துடன் முழு அளவிலும் செய்து, ஒவ்வொரு கட்டத்தின் பிழையையும் மாதிரியின் எண்களில் திருத்திக்கொள்வதே முறையாகும். பழைய மரபில் துங் எண்ணெய்ப் பூச்சு விடையளித்ததும் இதே ஈரத்தின் சிக்கலுக்குத்தான்.

இவ்வகையில் நோக்கும்போது, கிஃபுவின் மர அச்சு செய்த வேலையையே கணினி மாதிரியும் செய்கிறது. இரண்டும் வடிவத்தைப் பற்றிய அறிவை ஒருவரின் கையிலிருந்து பிரித்து, மற்றவர் பயன்படுத்தத்தக்க பொருளாக்குகின்றன. மூங்கிலைச் சீவும் நயமும் பசையின் பக்குவமும் அந்தப் பொருளுக்குள் அடங்குவதில்லை. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற ஜார்ஜ் டவுனில் கையால் விளக்கு செய்வோர் அருகிவரும் இன்றைய நிலையில், கூட்டின் அளவுகளையும் பின்னலின் ஒழுங்கையும் கணினியில் பதிந்துவைப்பது பயனுள்ள பணியாகும். கைப்பக்குவத்தைக் காக்கவேண்டுமெனில், பதிவோடு நில்லாமல், அவர்களிடமிருந்து விளக்கு வாங்குவோரும் அவர்களருகே அமர்ந்து தொழில் கற்போரும் தொடர்ந்து இருந்தாக வேண்டும்.