பெயரை இறக்கிவிட்டு வந்த தாளம்

வெள்ளவத்தைக் கல்யாணங்களில் காலையில் நாதஸ்வரம், இரவில் பைலா. காலி வீதி மண்டபத்தில் இரவு பத்து மணி தாண்டியதும், பேண்ட்காரர் சினிமாப் பாட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு அந்தத் தாளத்தை எடுப்பார்கள். அதுவரை புரியாணித் தட்டோடு அரசியல் பேசிக்கொண்டிருந்த சித்தப்பாமார் எழும்புவார்கள். பொக்கற்றிலிருந்து லேஞ்சி வெளியே வந்து தலைக்கு மேல் சுழலும். லேஞ்சி போர்த்துக்கேயச் சொல். பைலாவும் அப்படித்தான், ஆடுவதற்கு அவர்கள் மொழியில் ‘பைலார்’. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்களை அலுமாரி, ஜன்னல், மேசை என்று எண்ணிக்கொண்டே போகலாம். தாளத்தின் கதை அவ்வளவு நேரானதல்ல.

கொட்டாஞ்சேனையில் ஒக்டபேட் வாசிக்கும் ஒரு பொடியனிடம் ஒருமுறை கேட்டேன். “தம்பி, இந்தத் தாளம் எங்கயிருந்து வந்தது?”

“எங்கயிருந்தும் வரேல்லை அண்ணை. இது எங்கட பைலா.”

பதில் பிழையில்லை. திஸ்ர நடை தெரிந்தவருக்கு இது தகிட தகிட. ஆனால் அதைக் கேட்கும்போதே அடியில் இன்னொரு கணக்கும் ஓடும்: அதே ஆறு அட்சரத்தை மூன்று இரண்டாகப் பிரிக்கும் தக தக தக. கால் ஒன்றைப் பிடிக்கும், தோள் மற்றதைப் பிடிக்கும். இடுப்புக்கு எதைப் பிடிப்பதென்று தெரியாது. அந்தத் தடுமாற்றம்தான் ஆட்டம். இப்படி இரண்டு கணக்கை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது ஆபிரிக்க மேளக்காரரின் பழைய கைவேலை. பைலாவின் தாய்க்கு இருந்த பெயரும் அதையே காட்டிக்கொடுக்கிறது: காப்பிரிஞ்ஞா.

காப்பிரி என்ற சொல் அரபியில் ‘காஃபிர்’, நம்பிக்கையற்றவன். கிழக்கு ஆபிரிக்கக் கரையில் அதைக் கேட்ட போர்த்துக்கேயர் கறுப்பு மனிதருக்குச் சூட்டினார்கள். தமிழில் காப்பிரி ஆயிற்று, எங்கள் வாயில் காப்பிலியும் ஆயிற்று. சுருட்டை முடிப் பிள்ளையைக் கேலி பண்ண இந்தச் சொல்லை எடுப்பவர்கள் எங்கள் வீடுகளிலேயே உண்டு. தென்னாபிரிக்காவில் அதைச் சொன்னால் நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும். புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சத்தாரோ அதைத் தங்கள் இனப்பெயராகவே சொல்லி வந்திருக்கிறார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் அந்தப் பெயர் சாமியாகவே ஆகிவிட்டது. ஒல்லாந்தர் வந்தபோது போர்த்துக்கேயர் புதைத்த செல்வத்துக்குக் காவலாக அதனோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட அடிமையின் ஆவியாம். காப்பிரி முத்தப்பனுக்குச் சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள்.

இந்தக் கரையில் ஆபிரிக்கர் போர்த்துக்கேயருக்கும் முந்தியவர்கள். 1344இல் இங்கே வந்த இபின் பதூதா முதலில் புத்தளத்தில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பிறகு கொழும்பைப் பார்த்தார். அங்கே கடலை ஆண்ட ஜாலஸ்தி என்பவரிடம் 500 அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார். கொழும்பைப் பற்றி எங்களுக்குக் கிடைக்கும் மிகப் பழைய நேர்சாட்சிகளில் ஒன்றிலேயே ஆபிரிக்கர் வந்துவிடுகிறார்கள்.

1505க்குப் பிறகு போர்த்துக்கேயர் மொசாம்பிக் பக்கத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள்: சண்டைக்கு, கோட்டை வேலைக்கு, வீட்டு வேலைக்கு. மலைநாட்டு மன்னரும் அவர்களை வைத்திருந்தார். கண்டியில் பத்தொன்பது வருடம் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் சொல்கிறார்: இரண்டாம் இராஜசிங்கன் தன் படுக்கைக்கு மிக அருகே காவல் வைத்தது கறுப்பர்களைத்தான். சொந்த ஊராரை அவன் அவ்வளவு நம்பவில்லை.

1656இல் கொழும்பு ஒல்லாந்தர் கைக்குப் போனது. பறங்கிக் கொடி இறங்கினாலும் பறங்கிப் பாஷை இறங்கவில்லை. ஒல்லாந்தர் வீட்டுக் குசினியிலும் தொட்டிலடியிலும் பேசப்பட்டது உடைந்த போர்த்துக்கேயம்தான். அது அடிமைகளின் பொதுமொழி. ஒல்லாந்தக் கொம்பனி தன் அடிமைகளை இரவில் பேரை வாவிக்குள் ஒரு நிலத்துண்டில் அடைத்து வைத்தது. தப்ப நினைத்தால் வாவியில் முதலை. ஆங்கிலத்தில் அந்த இடம் அடிமைத் தீவு ஆயிற்று. எங்களுக்கு அது கொம்பனித் தெரு.

அந்தக் கொட்டில்களில் ஆபிரிக்கர் மட்டும் கிடக்கவில்லை. இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் உண்டு, தமிழரும் உண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பீஜப்பூர்ப் படை சூறையாடிப் பஞ்சம் வந்தபோது, பசியில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை நாகபட்டினத்திலிருந்து அதே கொம்பனி கப்பலேற்றியது. இலங்கைக்கும் வந்தார்கள், பத்தாவியாவுக்கும் போனார்கள். ஆகவே இந்தத் தாளத்தை நாங்கள் யாரோ அந்நியரிடம் இரவல் வாங்கினோம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதை முதலில் பக்கத்திலிருந்து கேட்ட காதுகளில் சில தமிழ்க் காதுகளாக இருந்திருக்க வேண்டும்.

ஆங்கிலேயர் காலத்தில் ஆபிரிக்கர் சீருடைக்குள் போனார்கள். கண்டிப் போருக்கு ஆள் தேடிய தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் காலத்தில் விலைகொடுத்து வாங்கப்பட்டவர்கள் இலங்கை றெஜிமெந்துகளில் சேர்க்கப்பட்டார்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். றெஜிமெந்தும் பின்னர் கலைந்தது. புத்தளத்தில் இருந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். கொழும்பிலிருந்து ஆட்கள் போய்விட்டார்கள், பாட்டு போகவில்லை.

அதற்குள் அது வேறு கைகளுக்கு மாறியிருந்தது. போர்த்துக்கேயப் பறங்கியர் தச்சர்களும் சப்பாத்துத் தைப்பவர்களுமாக இருந்த எளிய சனம். அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் வயலினோடு அது ஒலித்தது. 1894இல் சீ. எம். பெர்னாண்டோ இலங்கை இசையைப் பற்றி எழுதிய கட்டுரையில் பறங்கிப் பாட்டை இரண்டாகப் பிரிக்கிறார்: மெதுவாக நடப்பது சிக்கோத்தி, துள்ளுவது காப்பிரிஞ்ஞா. ஹியூ நெவில் சேகரித்து இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கும் கையெழுத்துப் படியிலும் காப்பிரிப் பாட்டுக்குத் தனிப் பகுதி உண்டு. மட்டக்களப்பைச் சேர்ந்த பாட்டுகளும் அதில் இருக்கின்றன. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் வீட்டில் தமிழ் பேசி, கல்யாணத்தில் காப்பிரிஞ்ஞா ஆடுகிறவர்கள். கொட்டாஞ்சேனைப் பறங்கியர் அநேகர் 1956 தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள்.

அவர்கள் போகுமுன் ஒரு பொலிஸ்காரர் குறுக்கே வந்தார். பெயர் வொலி பஸ்தியன். கரையோரச் சிங்கள ஊர்களில் அப்போது வாத பைலா இருந்தது: மேடையில் இருவர் நின்று, கொடுத்த தலைப்பில் பாட்டாலேயே ஒருவரை ஒருவர் மடக்குவது. எங்கள் எதிர்ப்பாட்டு மாதிரி. பஸ்தியன் அந்தப் பழக்கத்தையும் காப்பிரிஞ்ஞாத் துள்ளலையும் கிட்டாரோடு சேர்த்து, எல்லாரும் கூடிப் பாடும் கோரஸ் பைலா செய்தார். படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். கலப்புப் பண்பாட்டைப் பழிக்கச் சிங்களத்தில் ‘துப்பஹி’ என்று ஒரு சொல் உண்டு. அதன் வேரில் இருப்பது எங்கள் துபாசி. இரண்டு மொழி தெரிந்தவன் எந்தக் காலத்திலும் சந்தேகத்துக்குரியவன் போலும்.

அறுபதுகளில் நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஹரி பெலஃபொன்ரேயின் ‘கலிப்சோ’ இசைத்தட்டு 1956இல் வெளியாகி உலகம் முழுதும் ஓடியது. மேற்கு ஆபிரிக்காவிலிருந்து சங்கிலியோடு கரீபியனுக்குப் போனவர்களின் பிள்ளைகளுடைய இசை அது. நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபல்லெரோஸ், நோயல் பிரையன் ரணசிங்கவின் லா சிலோனியன்ஸ் போன்ற குழுக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. மேற்கே போன அடிமையின் பாட்டும் கிழக்கே வந்த அடிமையின் பாட்டும் இலங்கைக் கரையோரத்தில் ஒரே கிட்டாரில் சந்தித்தன. பாடியவர்கள் பூப்போட்ட சேர்ட்டும் ஓலைத் தொப்பியும் போட்டிருந்தார்கள். யாருக்கும் இது ஒரு குடும்பச் சந்திப்பு என்று தோன்றியிருக்காது.

தமிழுக்கு அது வந்ததும் அந்தக் கிட்டாரில்தான். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ கேட்காத ஈழத்து வீடு இல்லை. வானொலி இதற்குத் துள்ளிசை என்று பெயர் வைத்தது. சனங்கள் பொப் என்றார்கள். ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைத் தூக்கிக்கொண்டு பாக்குநீரிணையைக் கடந்தார். தமிழ்நாடு அவரைச் சிலோன் மனோகர் என்று கொண்டாடியது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அந்தப் பாட்டைச் சேர்த்தார். மனோகரன் 2018இல் சென்னையில் காலமானபோது வந்த அஞ்சலிகளில் சிலோன் இருந்தது, பொப் இருந்தது. நான் படித்த எதிலும் ஆபிரிக்கா இல்லை.

சிறாம்பியடியில் என்ன மிச்சம்? மஞ்ஞா. அது அவர்களுடைய பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் சேர்ந்த பெயர். ரபான், சிரட்டைகள், போத்தலில் தட்டும் கரண்டி. மெதுவாகத் தொடங்கும். ஒரே அடி திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறும், பெண்கள் எழும்பி இடுப்பை ஆட்டத் தொடங்கும்போது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். வார்த்தைகள் பழைய கிரியோல் போர்த்துக்கேயம். இன்று அவர்கள் வீட்டில் பேசுவது சிங்களம். பாட்டின் சொற்கள் வாயில் இருக்கின்றன, பொருள் பெரும்பாலும் போய்விட்டது. லண்டனில் இருந்து இவர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவரும் ஷிஹான் டி சில்வா ஜயசூரிய போன்ற ஆய்வாளர் இல்லாவிட்டால் இதில் பாதிகூட எங்களுக்குத் தெரிந்திராது. ஆபிரிக்க முகங்கள் கலப்பு மணத்தில் மெல்ல மங்கிவருகின்றன. மஞ்ஞாதான் அவர்களுடைய அடையாள அட்டை. கொழும்பு மேடைகளுக்கும் அழைப்பு வருகிறது; ஆடுகிறார்கள், கைதட்டு வாங்கிக்கொண்டு புத்தளம் பஸ் ஏறுகிறார்கள்.

அமெரிக்காவில் கார்ட்டர் வூட்சன் 1926இல் கறுப்பர் வரலாற்றுக்கு ஒரு வாரம் ஒதுக்கினார். 1976இல் அது பெப்ரவரி மாதம் முழுவதுமாக வளர்ந்தது. பிரித்தானியாவில் 1987 முதல் ஒக்டோபர். டொரொன்டோவிலும் லண்டனிலும் எங்கள் பிள்ளைகள் அந்த மாதங்களில் பள்ளிக்கூடத்தில் ரோசா பார்க்ஸின் படம் வரைந்து கொண்டுவருகிறார்கள். அதே வாரச் சனிக்கிழமை பிறந்தநாள் வீட்டில் ‘சுராங்கனி’க்கு ஆடுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அந்த வீட்டில் யாராவது ஒரு சித்தப்பா, லேஞ்சியை மடித்து வைத்துவிட்டு, மூச்சு வாங்கும் நேரத்திலாவது சொல்லலாம்.

கொழும்பிலோ இருந்த பலகையையும் இறக்கப் பார்க்கிறோம். அடிமைத் தீவு என்ற ஆங்கிலப் பெயரை விட்டு, மூன்று மொழியிலும் கொம்பனித் தெரு என்றே எழுத வேண்டுமென 2022 இறுதியில் அரசு பணித்ததாகச் செய்தி வந்தது. அந்தப் பெயர் அவமானம் என்பது நியாயம். யாருக்கு அவமானம் என்பதில்தான் எனக்குச் சிக்கல். அடைக்கப்பட்டவர்களைச் சொன்ன பெயர் போய், அடைத்த கொம்பனியின் பெயர் நிற்கிறது.

வெள்ளவத்தையில் கரையோர ரயில் ஏறினால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி தாண்டி அடுத்தது கொம்பனித் தெரு ஸ்டேஷன். போன பெப்ரவரியில் ஒரு மாலை அதில் போனேன். சுற்றுலா முடித்து வந்த ஒரு பொடியன் கூட்டம், பெட்டியின் சுவரையும் வெறும் தண்ணீர்ப் போத்தலையும் தட்டிப் பாடிக்கொண்டிருந்தது. சிங்களப் பாட்டு ஒன்று, அடுத்தது தமிழ்ப் பாட்டு, தாளம் மாறவேயில்லை. வாவியின் பச்சைத் தண்ணீர் கட்டடங்களுக்கிடையில் ஒரு கணம் தெரிந்தது. ஸ்டேஷனில் வண்டி நின்றபோது மட்டும் சத்தம் கொஞ்சம் தணிந்தது. பிறகு ஒருவன் போத்தலை எடுத்துத் திரும்பவும் தொடங்கினான்.